விலைவாசி இறங்கிற்றா? இலங்கையின் அனுபவமும் நம் சங்கங்களின் கடமையும்

விலைவாசி தணிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கடைக்குச் சென்று மீண்டவர்கள் அவ்வாறு சொல்லக் காணோம். சங்க அங்கத்தினர் பலர் இதுபற்றி நம்மிடம் வினவியதுண்டு. “பணவீக்கம் நூற்றுக்கு ஏழாக இருந்தது, இப்பொழுது மூன்றாகக் குறைந்தது என்கிறார்களே, அப்படியாயின் பருப்பு விலை ஏன் குறையவில்லை?” என்பது அவர்கள் கேள்வி. கேள்வி எளியது, நியாயமானதுங்கூட. இதற்குரிய விடை தெளிவாக விளங்காமையினாலேயே கூலி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நெசவாளர் தோற்றுத் திரும்புகின்றனர் என்பது நம் எண்ணம். ஆதலின் இத்திங்கள் இப்பொருளைச் சற்று விரித்தே எழுதத் துணிகின்றோம்.

விளக்கத்திற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடல் கடந்தால் இலங்கை. 1983-ஆம் ஆண்டு முதல் 2009-ஆம் ஆண்டுவரை உள்நாட்டுப் போரில் வெந்த நாடு அது. போர் ஓய்ந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2022-ஆம் ஆண்டில், விலைவாசி அங்கே ஏறியதுபோல் நம் தலைமுறையினர் நம் நாட்டில் அண்மையில் கண்டதில்லை. அந்நாட்டின் கதை நமக்கு அந்நியமானதும் அன்று. தருமபுரி 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தனி மாவட்டமாகும்வரை சேலம் ஜில்லாவின் பகுதியாக இருந்தது. அந்தப் பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும், திருச்சி, மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்தும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பேரன் பேத்திகளே இன்று அந்நாட்டு மலையகத்தில் தேயிலை கிள்ளுகின்றனர். 2022-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் தமிழ்நாட்டு மக்கள் சார்பில் 9,000 டன் அரிசியும் 200 டன் பால் மாவும் மருந்துகளும் ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் புறப்பட்டதை அங்கத்தினர் மறந்திரார்.

அங்கு நிகழ்ந்தது யாது? சுருங்கச் சொல்வோம். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் பெரிதும் குறைக்கப்பட்டன. தொற்றுநோயால் சுற்றுலா வருமானம் நின்றது. அரசின் பற்றாக்குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு ஈடு செய்தது. 2021-ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்படுமுன் பயிர் நேரம் கடந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டு எரிபொருள் விலை ஏறிற்று. மார்ச்சில் இலங்கை ரூபாயின் மதிப்பு கட்டவிழ்ந்தது. டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது சில வாரங்களில் 360 வரை சென்றது. ஏப்ரல் 12-ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. செப்டம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், அதற்கு முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 69.8 உயர்ந்திருந்தது. உணவுப் பண்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 94.9. அதாவது ஓராண்டில் உணவு விலை ஏறத்தாழ இருமடங்கு.

சரியாக ஓராண்டு கழித்து, 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில், அதே சுட்டெண்ணின் உயர்வு நூற்றுக்கு 1.3 எனச் செய்தி வந்தது. எழுபதிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டதே என்று உலகம் பாராட்டிற்று. பாராட்டியது தவறன்று, பணத்தின் பெருக்கம் கட்டுக்குள் வந்தது மெய்யே. ஆனால் இக்கணக்கைக் குடும்பத் தலைவி ஒருத்தி எவ்வாறு போடுவாள்?

2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த பண்டத்திற்கு, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் 169 ரூபாய் 80 காசு தரவேண்டியிருந்தது. அதன்மேல் நூற்றுக்கு 1.3 சேர்ந்தால் 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் 172 ரூபாய். பத்திரிகையில் எழுபது ஒன்றாயிற்று. அவள் முந்தானையில் முடிந்த கணக்கில் நூறு நூற்றெழுபத்திரண்டாயிற்று. இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள். முன்னது ஏறும் வேகம். பின்னது ஏறி நிற்கும் உயரம். தொப்பூர்க் கணவாயில் மேடேறும் லாரி வேகத்தைக் குறைத்துவிட்டது என்றால், அது அடிவாரத்திற்குத் திரும்பிவிட்டது என்று எவரேனும் கொள்வரோ?

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கூலி வாங்குவோருக்கு வாழ்வும் தாழ்வும் இதில்தான் உள்ளன. விலை ஏறிய உயரத்திற்குக் கூலியும் ஏறினால் துன்பம் இடைக்காலத்தோடு முடியும். கூலி ஏறாமல், ‘பணவீக்கம் தணிந்துவிட்டது, இனிக் கூலி உயர்வு எதற்கு’ என்று சொல்லப்படுமானால், இழந்தது இழந்ததாகவே நிலைத்துவிடும். மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு மார்ச்சில், நெடிய போராட்டத்தின்பின், அவர்களுடைய நாட்கூலி 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த நிர்ணயம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில். அது 1,350 ரூபாய். கூலி உயர்வு நூற்றுக்கு 35. அதே 2021-ஆம் ஆண்டை 100 எனக் கொண்ட கொழும்புச் சுட்டெண், 2024-ஆம் ஆண்டில் 190-ஐ ஒட்டி நின்றது. விலை உயர்வு நூற்றுக்கு 90. கூலி உயர்வு 35. நடுவே கிடந்த அந்த மூன்றரை ஆண்டுகளில் அக்குடும்பங்கள் எதை உண்ணாமல் விட்டன, எந்தப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தின என்பது எந்தச் சுட்டெண்ணிலும் ஏறுவதில்லை.

நிற்க. சுட்டெண் என்பதையே சற்று உற்றுநோக்க வேண்டும். மேலே சொன்னது கொழும்புச் சுட்டெண். கொழும்பின் நகர்ப்புறத்து விலைகளைக் கொண்டு கணிக்கப்படுவது அது. நாடு முழுவதற்குமான நுகர்வோர் விலைச் சுட்டெண் அந்நாட்டில் 2015-ஆம் ஆண்டில்தான் வெளிவரத் தொடங்கிற்று. போர் நடந்த காலம் முழுவதும் ‘இலங்கையின் விலைவாசி’ என்று உலகுக்குச் சொல்லப்பட்டது கொழும்புக் கடைகளின் விலைவாசியே.

அவ்வமயம் யாழ்ப்பாணத்தில் நிலை யாது? 1990-ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள், மின்கலம், சிமெண்டு, உரம் எனப் பல பண்டங்கள் வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காமல், ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியிட்டுச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் எரித்து மாணவர் படித்தனர். பின்னர் 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தெற்கே செல்லும் ஏ9 நெடுஞ்சாலை முகமாலையில் மூடப்பட்டது. குடாநாட்டுக்குப் பண்டம் கப்பலில் மட்டுமே வர இயன்றது. அரிசியும் சர்க்கரையும் பால்மாவும் விலை ஏறின என்பது எவரும் ஊகிக்கக் கூடியதே. நம் வேளாண் அங்கத்தினர் கருத வேண்டியது மற்றொன்று. யாழ்ப்பாணத்து விவசாயி வெங்காயமும் மிளகாயும் விளைத்துத் தெற்கே அனுப்பிப் பிழைத்தவன். பாதை மூடியவுடன் அவன் வாங்கும் பண்டத்தின் விலை ஏறிற்று. அவன் விற்கும் பண்டத்திற்குச் சந்தையே இல்லாமற் போயிற்று. நீர் இறைக்கும் இயந்திரத்திற்கு எண்ணெய் இல்லை. வயலுக்கு உரம் இல்லை. விலைவாசி ஏறினால் விளைவிப்பவனுக்கு லாபம் என்ற பொதுவாக்கு அங்கே பொய்த்தது.

அந்நாட்களில் வந்த சொற்பப் பண்டங்களைக் குடும்ப அட்டைக்கு இத்தனை என்று பங்கிட்டுக் கொடுத்தவை பெரும்பாலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். குறைகள் இருந்திருக்கும், வரிசைகள் நீண்டிருக்கும். எனினும் தனி வணிகன் பதுக்கினால் கேட்பாரில்லை. சங்கம் பதுக்கினால் கேட்க அங்கத்தினர் உண்டு. அவ்வொரு வேற்றுமைக்காகவே சங்கக் கடையின் முன் மக்கள் நின்றனர்.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். நம்மிடம் போர் இல்லை, பாதை மூடவில்லை, நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும், விரும்பும் குடும்பங்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முறையும் வந்தது. இவை சிறிய உதவிகள் அல்ல. இலங்கையிலும் ஒருகாலத்தில் இத்தகைய பங்கீடு இருந்தது. 1953-ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது அவ்வாண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் நாடே வேலைநிறுத்தம் செய்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்கா இரண்டு மாதங்களில் பதவி துறந்தார். அரிசி ஏழையின் அரசியல் என்பதை நம் நாட்டு ஆட்சியாளரும் நன்கறிவர்.

ஆயினும் அரிசி ஒன்றே குடும்பச் செலவு அன்று. பருப்பு, எண்ணெய், எரிவாயு, பேருந்துக் கட்டணம், பிள்ளைகளின் படிப்பு, மருந்து, வீட்டு வாடகை ஆகிய இவையெல்லாம் பங்கீட்டு அட்டைக்கு வெளியே நிற்பவை. அவற்றின் விலையைக் கூலியோடு பொருத்திப் பார்ப்பதற்குத்தான் அகவிலைப்படி என்ற ஏற்பாடு உண்டாயிற்று. நம் மாநிலத்தில் பல தொழில்களுக்கான குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை அடியாகக் கொண்டது. சென்னையில் விலை ஏறினால் அரூரில் படி ஏறும், நன்று. சென்னையில் ஏறாமல் பென்னாகரத்தில் ஏறினால்? கொழும்புச் சுட்டெண்ணைக் கொண்டு யாழ்ப்பாணத்தை அளந்த கதைதான். அளவில் இரண்டையும் ஒப்பிடலாகாது என்பதை அறிவோம். முறையில் ஒற்றுமை உண்டு என்பதையே சுட்டுகின்றோம்.

நகரமும் கிராமமும் ஒரே பண்டங்களில் ஒரே அளவு செலவழிப்பதில்லை. 2013-ஆம் ஆண்டை அடியாகக் கொண்ட வரிசையில், கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 28. இலங்கைத் தேசியச் சுட்டெண்ணில் 44. நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டை அடியாகக் கொண்டிருந்த வரிசையில், கிராமப்புறத்துக்கான குறியீட்டெண்ணில் உணவுக்கும் பானத்திற்கும் நூற்றுக்கு 54 தரப்பட்டிருந்தது. வருமானத்தில் பாதிக்கு மேல் அடுப்பிற்கே செலவழிப்பவனுக்கு, உணவு விலை பத்து ஏறுவது, கால்பங்கு செலவழிப்பவனுக்கு இருபது ஏறுவதற்குச் சமம்.

கைத்தறி நெசவாளருக்கு வேறொரு வழியிலும் அடி விழுகிறது. அதைப் பற்றி நம் சங்கங்களில் போதிய பேச்சில்லை. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் பருத்தி விலை, 356 கிலோ கொண்ட ஒரு கண்டிக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. நூல் விலையும் உடன் ஏறிற்று. ‘நூல் வாங்குவது சங்கம், நெய்பவனுக்கு என்ன?’ என்று சில செயலாளர்களே நினைக்கின்றனர். சங்கத்தின் நடைமுறை மூலதனம் மத்தியக் கூட்டுறவு வங்கி வழங்கும் காசுக்கடன் வரம்பிற்குள் நடப்பது. வரம்பு பத்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல் விலை ஒன்றரை மடங்கானால், அதே பத்து லட்சத்திற்கு முன்பு வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு நூல்தான் கிடைக்கும். நூல் குறைந்தால் பாவு குறையும். மாதம் மூன்று பாவு வாங்கிய நெசவாளருக்கு இரண்டு பாவுதான். கூலி விகிதத்தில் ஒரு காசும் குறைக்கப்படவில்லை என்று பதிவேடு சொல்லும். தறியோ மாதத்தில் பத்து நாள் சும்மா கிடக்கும். விலை ஏறிய துணி விற்பனையாகத் தாமதமாயின் இன்னும் மோசம். ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் கூலிப் பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்தியுறாமல், தறி ஓடிய நாட்கணக்கையும் கேட்டு வாங்குவது எம் வழக்கம்; உண்மை அங்கேதான் இருக்கிறது. வங்கிகள் நூல் விலைக்கேற்பக் கடன் வரம்பை இடையாண்டில் திருத்தித் தருவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம், ஆய்வு, அனுமதி என்று காலம் கழிகிறது. இம்முறையை மாற்றும்படி கேட்பதற்கு நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் தயங்க வேண்டுவதில்லை.

இனி, நாம் தயக்கத்தோடே தொடும் பகுதி. இந்த இதழைப் படிப்போரில் நெசவாளரும் உளர், வேளாளரும் உளர். விலைவாசி என்ற சொல் காதில் விழுந்தவுடன் இவ்விருவரும் எதிரெதிர்த் திசையில் முகம் திருப்புவதை மகாசபைக் கூட்டங்களில் கண்டிருக்கின்றோம். ஒரு கூட்டத்தில் நெசவாளர் ஒருவர் தக்காளி விலையைப் பற்றிக் குறைகூற, பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர் எழுந்து, “கிலோ ஐந்து ரூபாய்க்கு விற்று நாங்கள் ரோட்டோரம் கொட்டிய நாளில் நீங்கள் ஏன் பேசவில்லை, அண்ணா?” என்றார். பதில் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. செய்தி நாடெங்கும் பரவிற்று. அடுத்த சில வாரங்களில் விலை சரிந்தபோது அச்செய்தி அத்தனை பெரிதாக வரவில்லை. கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2023-24-ஆம் ஆண்டில் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். 2025-26-ஆம் ஆண்டுக்கு 4,886 ரூபாய். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு 27 உயர்வு. மானாவாரியில் கேழ்வரகு விளைத்து அலுத்த நம் விவசாயிக்கு இது வரவேண்டியதே; இதில் ஒரு ரூபாயும் அதிகமில்லை. ஆனால் அதே கேழ்வரகைக் களியாக்கி உண்ணும் நெசவாளரின் கூலி இவ்விரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு 27 உயர்ந்ததா என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் பேரேட்டைப் புரட்டிச் சொல்லட்டும்.

அப்படியாயின் நெசவாளர் இழந்ததை விவசாயி பெற்றாரா? அதுவும் இல்லை. இலங்கையின் அனுபவம் இதில் கண்ணைத் திறக்கும். 2022-ஆம் ஆண்டில் அரிசி விலை விண்ணை முட்டியபோது நெல் விளைத்தவன் செழிக்கவில்லை. உரமின்றி அவன் விளைச்சல் குன்றியிருந்தது. பின்னர் உரம் வந்தபோது அதன் விலை பன்மடங்கு. நம் நாட்டில் அவ்வாறு நேராமைக்குக் காரணம், 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற விலையிலேயே நிற்க, உலகச் சந்தையில் ஏறிய விலையை அரசு மானியமாக ஏற்றதுதான். களத்து விலைக்கும் கடை விலைக்கும் இடைப்பட்ட தொகை, கையிருப்பு வைத்திருக்கும் வசதியுடையோரைச் சேர்கிறது. விளைவித்தவனுக்கு அறுவடை நாளில் பணம் வேண்டும்; உண்பவனுக்கு நாள்தோறும் பண்டம் வேண்டும்; இருவரும் காத்திருக்க இயலாதவர். காத்திருக்க வல்லவன் லாபம் அடைகிறான். சங்கம் என்ற ஒன்றை நம் முன்னோர் நிறுவியது காத்திருக்கும் வலிமையை எளியோர்க்குத் தருவதற்கன்றோ?

இரண்டாம் உலகப் போரில், 1942-ஆம் ஆண்டு பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பல்கிப் பெருகின. இலங்கையில் சில ஆண்டுகளுக்குள் அவை ஆயிரக்கணக்கில் ஆயின. 1952-ஆம் ஆண்டில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது நம் மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன; அதன்பின் அப்பண்டகசாலைகள் பல நலிந்தன. கட்டுப்பாட்டுப் பண்டத்தைப் பங்கிடுவதற்கென்றே பிறந்தவை, பங்கிடப் பண்டம் இல்லாதபோது நிற்க மாட்டா. 1904-ஆம் ஆண்டில் தோன்றிய திருவல்லிக்கேணிப் பண்டகசாலைபோல், அங்கத்தினரின் சொந்தக் கொள்முதலில் வேரூன்றியவையே போரையும் அமைதியையும் தாண்டி நின்றன. நெருக்கடி வந்தபின் சங்கம் தொடங்குவது எளிது. நெருக்கடி இல்லாத ஆண்டில் அதற்கு ஆயத்தம் செய்வதுதான் அரிது.

ஆகவே ஒரு யோசனையை அங்கத்தினர் முன் வைக்கின்றோம். கேழ்வரகு நெடுநாள் கெடாத தானியம். பூச்சி எளிதில் அண்டாது. குழியிலும் குதிரிலும் இட்டுப் பஞ்ச காலத்திற்கென வைத்திருந்த வழக்கம் இப்பக்கத்து முதியோர் அறிவர். ஒரு நெசவுச் சங்கத்தில் நூறு குடும்பங்கள் என்றும், குடும்பத்திற்கு மாதம் 15 கிலோ கேழ்வரகு என்றும் கொள்வோம். ஆண்டு முழுவதற்கும் 180 குவிண்டால் வேண்டும். 4,886 ரூபாய் வீதம் அதற்கு 8,79,480 ரூபாய் ஆகும். சிறு சங்கத்திற்கு இது மலைப்புத் தரும் தொகையே. ஆனால் ஆண்டு முழுவதற்கும் வேண்டுவதில்லை. விலை ஏறும் மூன்று மாதங்களுக்கு மட்டும் 45 குவிண்டால் போதும். அதற்கு 2,19,870 ரூபாய். பக்கத்து ஊரின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தன் அங்கத்தினரிடம் கார்த்திகை முதல் தை வரையில் ஆதரவு விலைக்குக் குறையாமல் கொள்முதல் செய்து, தன் கிடங்கில் வைக்கட்டும். நெசவுச் சங்கம் பணத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கொடுத்து, தன் அங்கத்தினருக்கு வேண்டும்போது பெற்று, கூலியிலிருந்து தவணையாகப் பிடித்துக் கொள்ளட்டும். நெசவுச் சங்கம் தானிய வாணிபம் செய்யத் துணைவிதி இடந்தராது என்ற தடையும் இவ்வகையில் எழாது. வாணிபம் செய்வது வேளாண்மைச் சங்கம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை அறிவோம். சாக்கு, எடைக் குறைவு, கிடங்கு வாடகை, வட்டி ஆகியவற்றைக் கூட்டினால் கடை விலையே வந்து நிற்கும் என்பர் சிலர். சாதாரண ஆண்டில் அப்படியும் நேரலாம், மறுக்கவில்லை. ஆண்டு முழுவதும் விலை ஆடாமல் இருந்தால் இந்த ஏற்பாட்டால் ஆதாயம் சிறிதே, சில சமயம் நஷ்டமும் உண்டு. அந்நஷ்டத்தைத் தாங்குவதற்கு லாபத்திலிருந்து ஒரு பகுதியை விலை ஏற்றத்தாழ்வு நிதியாக ஒதுக்க வேண்டும். ஈவுத்தொகை சிறிது குறையும். மகாசபையில் கைதட்டல் கிடைக்காத தீர்மானம் இது. தலைவர்கள் முன்மொழிய அஞ்சுவர். ஆனால் பத்து ரூபாய்ப் பங்கிற்கு ஒரு ரூபாய் ஈவு பெறுவதைவிட, ஆவணியில் விலை ஏறும்போது ஒரு மூட்டை கேழ்வரகு தை மாத விலைக்குக் கிடைப்பது ஒரு நெசவாளர் குடும்பத்திற்கு எத்துணை மேல் என்பதை அக்குடும்பத்துப் பெண்மணிகளைக் கேட்டால் சொல்வர். அவர்களை மகாசபைக்கு அழைத்துவருவதில் நம் சங்கங்கள் காட்டும் ஊக்கம் போதாது என்பதையும் இங்கேயே குறித்துவிடுகின்றோம்.

கூலி பற்றிப் பேச, முதலில் வேண்டுவது கணக்கு. ‘விலை ஏறிவிட்டது ஐயா’ என்று மனுவில் எழுதினால் அதிகாரிகள் ‘எவ்வளவு?’ என்று கேட்பர், அதற்கு விடையில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு விலைப் பதிவேடு தொடங்கட்டும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மாதத்தின் முதல் சந்தை நாளில், அதே கடைகளில், அதே தரத்தில், அதே அளவில், கேழ்வரகு, அரிசி, துவரம்பருப்பு, கடலை எண்ணெய், புளி, மிளகாய், தக்காளி, வெங்காயம், பால், எரிவாயு, பக்கத்து நகருக்குப் பேருந்துக் கட்டணம், ஒரு நோட்டுப் புத்தகம், காய்ச்சல் மாத்திரை ஒரு பட்டை ஆகியவற்றின் விலையைக் குறிக்க வேண்டும். தள்ளுபடி நாளில் ஒரு மாதமும் சாதாரண நாளில் மறு மாதமும் குறித்தால் ஏடு பயன்படாது. எதிர்ப்பக்கத்தில் அம்மாதம் கொடுத்த பாவு எத்தனை, தறி ஓடிய நாள் எத்தனை, கையில் பெற்ற கூலி எவ்வளவு என்றும் எழுத வேண்டும். எழுதும் பொறுப்பை எழுத்தரிடம் விடாமல், மாதம் ஓர் அங்கத்தினர் வீட்டுப் பெண்மணி முறைவைத்துச் செய்வது நலம். விலையை அறிந்தவர் அவர்களே.

பன்னிரண்டு மாதம் எழுதினால் போதும். அரசு அடிப்படைக் கூலியையும் அகவிலைப்படியையும் உயர்த்தி ஆணையிடும்போது, அவ்வுயர்வு நம் ஊர் விலையில் எத்தனை பங்கை ஈடுசெய்தது, எத்தனை பங்கு பாக்கி நிற்கிறது என்பதைச் சங்கமே கணக்கிட்டுக் காட்டலாம். ‘பணவீக்கம் குறைந்துவிட்டதே’ என்று எதிரே அமர்ந்திருப்பவர் சொன்னால், ஏட்டின் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விரித்து மேசைமேல் வைக்கலாம்.

இத்தகைய பதிவேட்டைத் தொடங்கும் சங்கங்கள் மூன்று மாதத்திற்கொருமுறை அதன் நகலை இவ்விதழ் அலுவலகத்திற்கு அனுப்பினால், தாலுகாவாரியாகத் தொகுத்து இப்பக்கங்களில் வெளியிடலாம். பாலக்கோட்டு விலையும் அரூர் விலையும் பென்னாகரத்து விலையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும்போது, வேளாண்மைச் சங்கங்கள் எங்கே எப்பொழுது எதை வாங்கிவைப்பது என்பதும் அதிலேயே தெரியவரும். அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதனைச் சேர்க்கக் கூட்டத்திற்கு முன்பே எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும். எத்தனை நாளுக்கு முன் என்பதைத் தங்கள் சங்கத்துத் துணைவிதியில் பார்த்துக் கொள்க.